கதையைத் திருப்பிச் சொல்லுங்கள்

நாவல் எழுதும் வகுப்பில் ஒருவருடைய பக்கங்களைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தால் அது எப்படிப் போகும் என்பது அங்கே உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். முதலில் பேசுபவர், "நல்லா வந்திருக்கு, ஆனா ஆரம்பத்துல வர்ணனை கொஞ்சம் கூடுதல்" என்பார். அடுத்தவர், "எனக்கு அந்த வர்ணனைதாங்க பிடிச்சிருந்தது" என்பார். இன்னொருவர் மூன்றாம் பக்கத்தில் எழுவாய் பன்மையாகவும் பயனிலை ஒருமையாகவும் இருப்பதைச் சுட்டுவார். ஒருவர், இதையே தம்பி சொல்வதாக இல்லாமல் அக்கா சொல்வதாக எழுதினால் என்ன என்று கேட்பார். எழுதியவர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். சொன்னவர்கள் எல்லோரும் கவனமாகப் படித்தவர்கள், அக்கறையோடு பேசுகிறவர்கள். ஆனாலும் அன்று இரவு அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாவல் ஓர் அடிகூட நகராது. வர்ணனையைக் குறைப்பதா, அப்படியே விடுவதா? தம்பியா, அக்காவா? ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற விஷயமா இது?

இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. வகுப்பே வேண்டாம், எழுதி முடிக்கும்வரை யார் கண்ணிலும் காட்டாதே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் என் மனம் ஒப்பவில்லை. தான் எழுதியது இன்னொருவர் மனதில் என்னவாகப் போய்ச் சேருகிறது என்பது முதல் நாவல் எழுதுகிறவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சிறுகதை என்றால் எழுதிய வாரமே நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்துவிடலாம். நாவலில் அது தெரியாமலே வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அதனால் காட்டுவதா வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை. காட்டிவிட்டு என்ன கேட்பது என்றுதான் யோசித்தேன். இப்போது அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். நாவல் எழுதிக்கொண்டிருக்கிறவரிடம் உங்கள் கருத்தைச் சொல்லும் முன் அவருடைய கதையை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள்.

துண்டு துண்டாகப் படிக்கும்போது

எழுத்து வகுப்பு என்று இன்று நாம் சொல்லும் வடிவம் பெரும்பாலும் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் வழி பரவியது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள். சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். எழுதியவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். கவிதைக்கும் சிறுகதைக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் முழுப் படைப்பும் எல்லோர் கையிலும் இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகுதான் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நாவலுக்கு வரும்போது கணக்கு உதைக்கிறது. 75,000 சொற்கள் உள்ள நாவல் என்று வைத்துக்கொள்வோம், அது ஒன்றும் பெரிய நாவல் இல்லை. ஒரு முறைக்கு 3,000 சொற்கள், மாதத்துக்கு ஒரு முறை என்றால் முழுவதையும் வகுப்பு படித்து முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். ஒன்பதாம் அத்தியாயம் வரும்போது இரண்டாம் அத்தியாயத்தில் வந்த சித்தப்பாவை எல்லோரும் மறந்திருப்பார்கள். "இந்தச் சித்தப்பா யாருங்க, திடீர்னு வர்றாரு?" என்ற கேள்வி வரும். அது நாவலில் உள்ள குறையா, இடையில் கழிந்த மாதங்களின் குறையா என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதியவரோ பயந்துபோய் ஒன்பதாம் அத்தியாயத்தில் சித்தப்பாவை மறுபடி அறிமுகப்படுத்தி ஒரு பத்தி சேர்ப்பார். ஒரே மூச்சில் படிக்கப்போகும் வாசகருக்கு அந்தப் பத்தி பாரம்.

இன்னொரு விளைவும் உண்டு. வகுப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்காக முதல் அத்தியாயம் திரும்பத் திரும்பப் படிக்கப்படுகிறது, திரும்பத் திரும்பச் செதுக்கப்படுகிறது. முதல் அத்தியாயம் மட்டும் பளபளவென்று மின்ன, ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் ஆள் நடமாட்டமே இல்லாத நாவல்களை எத்தனையோ வகுப்புகளில் பார்க்கலாம். திறமை இல்லாமல் அப்படி ஆவதில்லை. முதல் அத்தியாயம் என்ன செய்யவேண்டும் என்பது கடைசி அத்தியாயம் எழுதிய பிறகுதான் தெரியும். அதற்கு முன் அதைச் செதுக்குவது, யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமல் வாசலை அகலப்படுத்திக்கொண்டே இருப்பது போல.

பாதியில் வரும் கருத்து எவ்வளவு ஆழமாக வெட்டும் என்பது தொடர்கதை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். சார்லஸ் டிக்கன்ஸ் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலை 1849, 1850 ஆண்டுகளில் மாதாமாதம் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் மிஸ் மௌச்சர் என்று உயரம் குன்றிய ஒரு பெண் வருகிறாள், சந்தேகத்துக்குரிய ஆளாக. டிக்கன்ஸின் வீட்டருகே வசித்த, அதே உடலமைப்பு கொண்ட ஒரு பெண்மணி தன்னைத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்று மனம் நொந்து அவருக்குக் கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் தன் திட்டத்தையே மாற்றினார். மிஸ் மௌச்சர் அடுத்து வரும்போது நல்ல மனம் கொண்டவளாக வருகிறாள். அந்தப் பெண்மணியின் வலிக்கு அவர் செவிசாய்த்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன், அதைவிட ஒரு பாத்திரம் பெரிதில்லை. ஆனாலும் நாவலில் அந்த ஒட்டு தெரிகிறது. டிக்கன்ஸுக்கு அப்படி மாற்ற ஒரு வலுவான காரணம் இருந்தது. வகுப்பில் இருப்பவரோ "இந்த மாமா கொஞ்சம் ஓவரா இருக்காரு" என்ற ஒற்றை வரிக்காக மாதாமாதம் ஒரு பாத்திரத்தைத் திருப்பிப்போடுகிறார். அடுத்த அத்தியாயம் நாவலுக்குப் பதில் சொல்லாமல் போன வகுப்புக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்கிறது.

அக்கா தள்ளிப்போடுகிறாள்

என் வரைவு ஒரு வீட்டைப் பற்றியது. அம்மா இறந்த பிறகு வீட்டை விற்பதற்காகத் தம்பி வந்து தங்குகிறான். அவன்தான் கதையைச் சொல்கிறான். அக்கா அந்த வீட்டிலேயே இருப்பவள். முதல் நாலு அத்தியாயங்களில் சின்னச் சின்னச் சம்பவங்கள் நடக்கும். பத்திரம் வைத்திருக்கும் பீரோவின் சாவி காணாமல் போகிறது. தம்பி கோபக்காரன் என்று காட்டுவதற்காக அதை எழுதினேன். இன்னொரு அத்தியாயத்தில் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு வாசனையில் அவனுக்குப் பழைய ஞாபகங்கள் வரவேண்டும், அதற்காக. அப்புறம் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கப் போகிறது. தம்பி வெளியே கிளம்பிப் போய்ப் பழைய நண்பன் ஒருவனைச் சந்திக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மூன்றும் மூன்று தேவைக்காக, வெவ்வேறு சமயங்களில் எழுதியவை.

அன்று வகுப்பில் வழக்கம்போல ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வகுப்பில் வயதில் மூத்த ஓர் அம்மா இருந்தார், அவரும் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய முறை வந்தபோது, "போன்லதாம்ப்பா படிச்சேன், எதுவும் குறிச்சு வைக்க முடியல. படிச்சதுல என்ன ஞாபகம் இருக்கோ அத மட்டும் சொல்லட்டுமா?" என்றார். ஆசிரியர் சரி என்றார். அவர் சொன்னது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"தம்பி வீட்ட விக்க வந்திருக்கான். அக்காவுக்கு விக்க மனசில்ல. ஆனா வேண்டாம்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறா. பீரோ சாவியத் தொலச்சுட்டேங்கிறா. வீடு பாக்க ஆள் வர்ற அன்னிக்குன்னு பாத்து வெள்ளையடிக்க ஆள வரச் சொல்லிடறா. அப்புறம் மோட்டாரக் கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிடறா. தண்ணியில்லாத வீட்ட எவன் வந்து வாங்குவான்? இப்படியே ஒவ்வொரு நாளாத் தள்ளிப்போடறா. பக்கத்துலயே இருக்கான், தம்பிக்கு ஒண்ணும் புரியல, பாவம்."

வகுப்பில் ஒரு சலசலப்பு. "அப்படி எங்கம்மா இருக்கு? மோட்டார் தானா ரிப்பேர் ஆச்சு" என்றார் ஒருவர். அவர் அசரவில்லை. "ரிப்பேர் ஆச்சுன்னு அக்காதானே சொல்றா? தம்பி போய்ப் பாத்தானா?" என்று திருப்பிக் கேட்டார். எழுதியவர் பேசக்கூடாது என்ற விதி இருந்ததால் நான் பேசாமல் இருந்தேன். விதி இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன். உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. எனக்கே தெரியாத என் நாவலை ஒருவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். அக்கா வேண்டுமென்றே செய்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. இல்லை என்று மறுக்கும் வரியும் இல்லை. பீரோ சாவி தொலைந்ததைச் சொல்பவள் அக்கா. வெள்ளையடிக்க நாள் குறித்தவள் அக்கா. மோட்டாரை அனுப்பியவளும் அக்காதான். நான் எங்கோ ஒரு பக்கம் கவனமாக இருந்தபோது கை இன்னொரு பக்கம் ஒரு மனுஷியைப் பிடிவாதமாக உருவாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த அம்மா சொன்ன கதையில் இன்னொன்றும் கவனித்தேன். நான் மிகவும் உழைத்து எழுதிய அந்த நண்பன், ஓர் அத்தியாயம் முழுக்க வருகிறவன், அவர் சொன்னதில் தலைகாட்டவே இல்லை. பிடிக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அவனுக்காக நான் வாதாடியிருப்பேன். ஒருவர் ஞாபகத்திலேயே அவன் தங்கவில்லை என்றால் யாரிடம் போய் வாதாடுவது?

அதற்குப் பிறகு எழுதிய வரைவில் அக்காவின் எண்ணத்தைச் சொல்லும் வரி எதையும் நான் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சம்பவத்துக்கும் தம்பி தானாக ஒரு தப்பான காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும்படி செய்தேன். சாவி தையல் மெஷின் இழுப்பறையில் கிடைக்கிறது. "அக்காவுக்கு வயதாகிறது, வைத்த இடம் மறந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளைத் தனியாக விட்டுப் போவது சரியில்லை என்றும் தோன்றியது" என்று அவன் சொல்கிறான். வாசகர் அவனைவிட ஒரு படி முன்னே நிற்கிறார். இது பிடிபட்டதும் வகுப்பில் முன்பு ஓட்டுக்கு வந்த விஷயங்கள் எல்லாம் தாமாகவே முடிவுக்கு வந்தன. தம்பிதான் கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவனுக்குத்தான் புரியவில்லை. வெள்ளையடிக்கும் வர்ணனை நீளமாகவே இருக்கலாம், ஏனென்றால் அந்தக் குழப்பமும் ஈரச் சுவரும் அக்காவின் ஆயுதம். நண்பன் போகவேண்டும். போனான்.

ஞாபகம் செய்யும் வேலை

கதையைத் திருப்பிச் சொல்வது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்று பிறகு நிறைய யோசித்தேன். கருத்துச் சொல்லும்போது நாம் விமர்சகராக உட்கார்ந்துவிடுகிறோம். ஏதாவது குறை சொல்லியாகவேண்டும், மற்றவர் சொல்லாத குறையாக அது இருக்கவேண்டும் என்று மனம் தேடுகிறது. கதையைச் சொல்லும்போது அந்தக் கவலை இல்லை. மனதில் தங்கியது வாய்க்கு வருகிறது, தங்காதது வருவதில்லை. இரண்டு சம்பவங்களுக்கு நடுவே ஒரு காரணத்தை நாமே போட்டு இணைத்துவிடுகிறோம், அப்படி இணைத்தது நமக்கே தெரிவதில்லை. எழுதியவருக்குத் தேவையானது இந்த இணைப்புதான். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973-இல் வெளியிட்ட, ஆசிரியர் இல்லாமலே எழுதப் பழகுவது பற்றிய நூலில், வாசகர் தரவேண்டியவற்றை நாலாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, படித்ததைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்வது. எழுத்துக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டாம், படிக்கும்போது உங்களுக்குள் நடந்ததைச் சொல்லுங்கள் என்பதே அவருடைய வாதத்தின் அடிப்படை. அந்த அம்மா இதைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் இயல்பாக வருவதை அவர் செய்தார்.

இது வகுப்பில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1957-இல் ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்த நாவலில், வளர்ந்த பெண் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். நடுநடுவே அவளுடைய சிறுவயது நினைவுகள் வருகின்றன. டே ஹோஹாஃப் என்ற பதிப்பாசிரியரை அந்தச் சிறுவயதுப் பகுதிகள் ஈர்த்தன. அந்தச் சிறுமியின் பார்வையிலேயே ஒரு நாவல் எழுதச் சொன்னார். அப்படி எழுதி 1960-இல் வந்ததுதான் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. முதலில் கொடுத்த நாவல் 2015-இல் தனியாக வெளிவந்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிப்பாசிரியர் எங்கே உயிர் இருக்கிறது என்று காட்டினார். அதன் பிறகு லீ உட்கார்ந்து வேறொரு நாவலையே எழுதவேண்டியிருந்தது. ஒரு நல்ல வாசகர் இவ்வளவு தூரம்தான் வரமுடியும், இவ்வளவு வந்தாலே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருப்பிச் சொல்வதைக் கேட்கவும் ஒரு பழக்கம் வேண்டும். சொல்கிறவர் எங்கே வேகமாகப் போகிறார், எங்கே குரல் இறங்குகிறது, எங்கே "அப்புறம் என்னமோ நடக்கும்" என்று தாண்டுகிறார் என்று கவனிக்கவேண்டும். "அதனால அவ என்ன பண்றா" என்று வந்தால் கதை அங்கே பிடித்து நிற்கிறது. "அப்புறம், அப்புறம்" என்று மட்டும் வந்தால் சம்பவங்கள் வரிசையில் நிற்கின்றன, ஒன்றையொன்று தொடவில்லை. சொல்கிறவர் பிரதியைத் திறந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் ஞாபகம் போய்க் கடமை வந்துவிடும். எழுதியவர் இடையில் திருத்தக்கூடாது. "இல்லைங்க, அது அப்படி இல்ல" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த நிமிடத்திலிருந்து அவர் உங்களுக்குப் பிடித்த கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

எழுதியவர் வாய் மூடி இருக்கவேண்டும் என்ற விதியை இப்போது பலர் எதிர்க்கிறார்கள். தன் பண்பாடு தெரியாதவர்கள் தன் கதையைத் தவறாகப் புரிந்துகொண்டு பேசும்போது எழுத்தாளர் ஏன் ஊமையாக உட்கார்ந்திருக்கவேண்டும் என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. என்னைக் கேட்டால், கதை சொல்லப்படும்வரை மௌனம், அதன் பிறகு எழுதியவரின் முறை. நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கிய முறை இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் முதலில் படைப்பு தங்களுக்குள் எதை உண்டாக்கியது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள், பிறகு கலைஞர் கேள்வி கேட்பார், பிறகு மற்றவர்கள் கருத்தை உள்ளே ஒளித்துவைக்காத கேள்விகள் கேட்பார்கள். கடைசியில், கலைஞர் சம்மதித்தால் மட்டும் கருத்து. "இந்தக் காட்சி ஏன் இவ்வளவு நீளம்?" என்பது கேள்வி வேஷம் போட்ட கருத்து. "இந்தக் காட்சிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்பது உண்மையிலேயே கேள்வி, பதில் சொல்ல முயலும்போதே எழுதியவருக்குப் பாதி விஷயம் தெளிந்துவிடும்.

இந்த முறைக்கு எட்டாத இடங்களும் உண்டு. வாக்கியம் கரடுமுரடாக இருந்தால் கதைச் சுருக்கத்தில் அது தெரியாது. அது பரவாயில்லை, இரண்டாம் மூன்றாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சில நாவல்கள் குரலால் மட்டுமே நிற்பவை. அவற்றின் கதையைச் சொல்லச் சொன்னால், "ஒருத்தர் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு யோசிக்கிறாரு" என்பதோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட நாவலுக்கு, படித்தவர் மனதில் சொல் மாறாமல் தங்கிய வரி எது என்று கேட்பது உதவும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நமக்குத் தெரிந்த கதைகளின் அச்சில் எதையும் வார்த்துவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. என் நாவலை இன்னொருவர் சுத்தமான சொத்துத் தகராறாகச் சொன்னார், அக்காவுக்குப் பங்கு வேண்டும், அதுதான் விஷயம் என்று. அதனால் ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு நாவலைத் திருப்பக்கூடாது. இரண்டு மூன்று பேராவது, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் சொல்லவேண்டும். முடிந்தால் முழு வரைவையும் படித்துவிட்டுச் சொல்லவேண்டும். எங்கள் வகுப்பில் மாதாந்திரப் பக்கங்களோடு, எழுதி முடித்தவர்களின் முழு வரைவை விரும்பியவர்கள் மாற்றிக்கொள்வது என்றும் ஆரம்பித்திருக்கிறோம். பெரிய வேலைதான். ஆனால் நாவலைக் கேட்டு ஒருவர் வகுப்புக்கு வந்தால் அந்த நேரத்தை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

அப்படி எனக்கு வந்த வரைவு, இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியைப் பற்றியது. எழுதியவர் என்னைவிட இளையவர். படித்து முடித்து, கோப்பை மூடி வைத்துவிட்டு, அவரை அழைத்துக் கதையைச் சொன்னேன். தூக்கம் வராத ஒரு நர்ஸ், நோயாளியின் மகன் ஒருவன், இரண்டு பேரும் மெதுவாகக் காதலை நோக்கிப் போகிறார்கள் என்று. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "காதலே இல்ல சார். அவளுக்குத் தூங்கணும், அவ்வளவுதான். அவளுக்கு எதையும் ஆரம்பிக்கத் தெம்பே கிடையாது" என்றார். நான் என் பக்கம் வாதாடவில்லை, எனக்கு எங்கிருந்து அப்படித் தோன்றியது என்று இருவரும் தேடினோம். லிஃப்டில் கிடைத்தது. ஏழாம் அத்தியாயத்தில் அவளும் அவனும் லிஃப்டுக்காகக் காத்து நிற்கிறார்கள், பேசுவதில்லை. பதினோராம் அத்தியாயத்தில் மறுபடியும் அதே லிஃப்ட், அதே இருவர், அதே மௌனம். ஒருமுறை நின்றால் மருத்துவமனை. இருமுறை நின்றால் வாசகர் கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். அவர் இரண்டாவது லிஃப்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவளைப் படிக்கட்டில் ஏறவிட்டார். களைப்போடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாடி. அதன் பிறகு படித்த யாரும் காதலைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் சொன்னார்கள்.